ஓடெலியா அண்ணி காரை விற்றது

என் அண்ணன் வில்ஃப்ரெட் இறந்த மறு வருடம் ஓடெலியா அண்ணி தன் காரை விற்றாள். விற்ற அன்றைக்கு அவள் வீட்டு முற்றத்தில் அறுபது பிள்ளைகள் உட்காரும் மஞ்சள் பேருந்து ஒன்று நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் மாலையில் வண்டியை வீட்டுக்கே கொண்டுபோய் நிறுத்திக்கொள்வார்கள். காலையில் அங்கிருந்தே கிளம்பிவிடலாம். அண்ணி அப்படித்தான் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினாள். எங்கள் ஊர் பெல் ஷெனியேயில் இன்று மீசை வைத்துக்கொண்டு அலைகிறவர்களில் பாதிப்பேரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். மூடுபனியில் கரும்பு லாரிகள் எதிரே வரும் சாலை அது. அத்தனை வருடத்தில் பேருந்திலும் சரி, சொந்தக் காரிலும் சரி, ஒரு கீறல் விழுந்ததில்லை. போலீஸ்காரர்கள் அவளை நிறுத்தினால் அது அவள் மகன் எப்படி இருக்கிறான் என்று நலம் விசாரிப்பதற்காகத்தான் இருக்கும். அவன் அலாஸ்காவில் ராணுவத்தில் இருக்கிறான்.

அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனோம், லஃபயெட்டில் வைத்துப் பார்த்தோம். அந்தக் காலத்தில் அண்ணி எதைக் கட்டினாள், எதை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கிரெடிட் கார்டுத் தவணைகள் நின்றன. ஆஸ்பத்திரிப் பில்கள் வசூல்காரர்கள் கைக்குப் போயின. கார் காப்பீட்டை மட்டும் அவள் ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை. "வண்டியில்லாம அவரை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?" என்பாள்.

அண்ணனை அடக்கம் செய்து சில மாதங்களில் காப்பீட்டைப் புதுப்பிக்கும் காகிதம் வந்தது. தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டு அண்ணி ஹோலிஸ் டேகிளின் அலுவலகத்துக்குப் போனாள். ஹோலிஸ் அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் முகவர். சென் க்ளேர் டவுனில் முடிதிருத்தும் கடைக்கும், பூடான் என்கிற பன்றிக்கறிக் குழல் விற்கும் கடைக்கும் நடுவே அவனுடைய சின்ன அறை. நாள் முழுவதும் அங்கே பன்றிக் கொத்துக்கறியும் மிளகும் மணக்கும்.

"ஹோலிஸ், நான் யாரையாவது இடிச்சேனா?" என்றாள் அண்ணி.

"இல்ல, மிஸ் ஓடெலியா."

"வேகமாப் போனேன்னு யாராவது சொன்னாங்களா?"

"உங்களையா? உங்க பின்னாடி மாட்டிக்கிட்டு நான்தான் எத்தனையோ நாள் வேலைக்கு லேட்டா வந்திருக்கேன்."

"அப்புறம் ஏன் ஏறுது?"

ஹோலிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கம்பெனி இப்ப கிரெடிட் ஸ்கோரையும் பாக்குது. வாங்கின கடனை எப்படிக் கட்டுறோம்ங்கிறதுக்கு ஒரு மார்க்கு. அந்த மார்க்கு குறைஞ்சவங்க பின்னாடி நஷ்டஈடு கேட்டு அதிகமா வர்றாங்கன்னு அவங்க கணக்கு சொல்லுது."

"நான் வந்தேனா?"

"நீங்க வரல. உங்கள மாதிரி மார்க்கு வாங்கினவங்க வந்தாங்க."

"என்னை மாதிரி யாரு? பேரச் சொல்லு, நானே போய்ப் பேசுறேன்."

ஹோலிஸ் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கணவரின் நோயால்தான் இப்படி ஆனது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது, சில சமயம் இரங்குவார்கள் என்றான்.

அண்ணி எழுந்துவிட்டாள். "என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார்னு கார் கம்பெனிக்கு எழுதிக் காட்டி, கொஞ்சம் குறைச்சுக்கய்யான்னு கேக்கணுமா? அதுக்கு நான் வேற ஆளாப் பொறக்கணும்."

ஹோலிஸ் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று பிறகு என்னிடமே சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லஃபயெட்டிலிருந்து சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அண்ணியின் தம்பி கர்லியும் இருந்தான். கர்லி கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவன். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. வீடு என்றால் அண்ணி வீட்டிலிருந்து கப்பிச் சாலையில் கூப்பிடு தூரம். பெண்டாட்டி விட்டுப்போன பிறகு தனியாள், கைநிறையச் சம்பளம், தவணையெல்லாம் வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். முந்தின வருடம் மார்டி க்ரா திருவிழா அன்று முட்டக் குடித்துவிட்டு லாரி போன்ற தன் பிக்கப்பை மாடு வளர்க்கும் மூட்டோனின் வேலிக்குள் விட்டு, வேலியோடும் ஒரு கன்றுக்குட்டியோடும் குளத்தில் இறங்கினான். நீதிமன்றம், அபராதம், சில மாதம் லைசென்ஸ் முடக்கம் எல்லாம் ஆனது. கன்று பிழைத்துக்கொண்டது.

அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே காப்பீட்டுக் கதையைச் சொன்னாள்.

"எவ்வளவு கேக்குறான்?" என்றான் கர்லி.

அண்ணி சொன்னாள். கர்லி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"நான் கட்டுறது அதவிடக் கம்மி அக்கா. குளத்துல இறங்கினதுக்கு அப்புறமும் கம்மி."

"பொய் சொல்லாத."

"ஞாயித்துக்கெழமை, சோத்துக்கு முன்னாடி உக்காந்து பொய் சொல்வேனா? நான் மூட்டோன் கன்னுக்குட்டிய வண்டியோட குளத்துல இறக்கிக் குளிப்பாட்டினவன். நீ புனித ஓடெலியா. பாரு, நம்ம ரெண்டு பேர்ல எது நல்ல பிள்ளைன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கு."

"போதும் கர்லி," என்றேன்.

"உள்ளதத்தானே சொல்றேன் ஜெனீவ். அக்கா, நீயும் ரெண்டு மடக்கு குடிச்சுட்டு ஓட்டிப் பாரேன், ரேட்டு இறங்குதான்னு பாப்போம்."

அண்ணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். கர்லிக்கு அப்போதுதான் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் சிரிப்பை விடாமலே சொன்னான்: "சரி, காரை என் பேருக்கு மாத்திடு. என் மார்க்குல நீயும் கொஞ்சம் குளிர் காயலாம். மாசம் ஒரு பானை கம்போ குழம்பு வச்சுக் குடு, கணக்கு சரியாப் போகும்."

"அது அவர் எனக்கு வாங்கிக் குடுத்த கார். இருந்தா என் பேர்ல இருக்கட்டும், இல்லன்னா போகட்டும்," என்றாள் அண்ணி.

அந்தத் தொகையை அவளால் கட்ட முடியாது, காப்பீடு இல்லாமல் ஓட்டவும் கூடாது; மாதம் முடிவதற்குள் கார் போய்விட்டது. கல்லூரிக்குப் போகும் மகளுக்காக யாரோ வந்து வாங்கினார். கருஞ்சிவப்பு ப்யூக். அண்ணி அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். வண்டியில் ஏதாவது குறை உண்டா என்று அந்த மனிதர் கேட்டாராம். "வண்டியில ஒரு குறையும் இல்ல. ஓட்டினவகிட்டதான் இருக்காம்," என்று சாவியைக் கொடுத்தாளாம்.

அதன் பிறகு அண்ணி, வாரத்தில் ஐந்து நாள் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, சனி ஞாயிறு எங்கேயும் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பேருந்தைப் பள்ளிக்கூட வேலை தவிர எதற்கும் எடுக்கக் கூடாது என்பது விதி. ஒரு ரொட்டி வாங்கக்கூட அவள் அதை எடுத்ததில்லை. நான் வரும்போது சாமான் வாங்கி வருவேன். எதிர்வீட்டு ப்ரூசார் தம்பதியோடு தேவாலயத்துக்குப் போவாள். கர்லி ஊரில் இருக்கும் வாரங்களில் அவள் சாலையோரம் நடந்து போவதைப் பார்த்தால் பிக்கப்பை மெதுவாக ஓட்டி, கூடவே வருவான்.

"மேடம், பஸ்ஸு பஞ்சரா? ஏறிக்கங்க, டிக்கெட் கேக்க மாட்டேன்."

"போடா."

அவன் போய்விடுவான். அவள் நடப்பாள். உண்மையாகவே ஏறச் சொல்கிறானா, கேலி செய்கிறானா என்று அவளுக்குத் தெரிந்ததில்லை. அவனுக்கும் அது தெரிந்திருக்காது.

வசந்தம் முடியும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை. வியாழனிலிருந்து மழை. பேயூ ஓடை நிரம்பிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பள்ளமான இடத்திலெல்லாம் தண்ணீர் சாலைக்கு ஏறியிருந்தது. ப்ரூசார் தம்பதி ஒரு கல்யாணத்துக்காக முந்தின நாளே வெளியூர் போய்விட்டார்கள். கர்லி கடலிலிருந்து வந்திருந்தான். அவனுடைய பிக்கப் கியர் பெட்டி போய் டவுனில் மெக்கானிக்கிடம் கிடந்தது.

மதியம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் அண்ணிக்குக் கர்லியிடமிருந்து போன். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஏதோ சொன்னான்.

"பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டியா?" என்றாள் அண்ணி.

அவன் மறுபடியும் ஏதோ சொன்னான். 'அக்கா' என்பது மட்டும் புரிந்தது.

"போய்ப் படு. தெளிஞ்சதும் பேசு." வைக்கப் போனாள். அந்தப் பக்கம் போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாற்காலி.

வைத்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறாள்.

மழையில் ஓடினாள். கர்லி சமையலறைத் தரையில் கிடந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கை யாருடையதோ போல் கிடந்தது. சாராய வாடையே இல்லை. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அவசர எண்ணைக் கூப்பிட்டாள். பாலத்துப் பக்கம் ஆம்புலன்ஸ் வர முடியாது, நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், அங்கேயும் மரம் விழுந்திருக்கிறது, எவ்வளவு நேரமாகும் என்று சொல்வதற்கில்லை என்றார்கள்.

அண்ணி வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பேருந்தைக் கிளப்பினாள். தண்ணீரில் கார் மூழ்கும் இடத்தில் பேருந்து போகும். அவளுக்கு அதுமட்டும்தான் தோன்றியதாம்.

கர்லி எருது மாதிரி ஆள். அவனை எப்படி ஏற்றினாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. படுக்கை விரிப்பில் கிடத்தி வாசல்வரை இழுத்திருக்கிறாள். பேருந்தின் படிகளில் அவனை உட்காரவைத்து, தான் உள்ளேயிருந்து அக்குளில் கைகொடுத்து, ஒவ்வொரு படியாக மேலே தூக்கியிருக்கிறாள். அவன் நல்ல காலை ஊன்றி உந்தியிருக்கிறான். முதல் இருக்கை மிகச் சின்னப் பிள்ளைகளுக்கானது. பெல்ட் அவன் வயிற்றுக்கு எட்டவில்லை. அண்ணி தன் மழைக்கோட்டைக் கழற்றி அவனை இருக்கையோடு சேர்த்துக் கட்டினாள்.

"எங்கிட்டப் பேசிக்கிட்டே வா," என்றாள்.

அவன் பேசினான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். தண்ணீர் படியின் கீழ்த்தட்டுவரை வந்தது. சாலை எது, பள்ளம் எது என்று தெரியாத இடத்தில், பிள்ளைகள் நின்று ஏறும் இடங்களில் சாலையோரக் கம்பத்தில் இருக்கும் வீட்டுத் தபால் பெட்டிகளை வைத்து மதிப்பிட்டுப் போனாள். ஆர்சனோவின் பெட்டி, விதவை கியாட்ரியின் பெட்டி, இரட்டையர்கள் வீட்டுப் பெட்டி.

டவுன் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு முன்னால் ஒரு தாழ்வான கூரை உண்டு. ஆம்புலன்ஸ் உயரத்துக்குக் கட்டியது. அண்ணி பார்க்கவில்லை. பேருந்தின் நெற்றி விளக்குகள் நொறுங்கின, கூரையின் விளிம்பு மடங்கித் தொங்கியது. அவள் வாழ்நாளில் இடித்த முதல் பொருள் அதுதான்.

கர்லியை உள்ளே கொண்டுபோனார்கள். மூளையில் அடைப்பு. நேரத்துக்கு வந்தீர்கள், இன்னும் தாமதித்திருந்தால் பேச்சே திரும்பியிருக்காது என்றார் டாக்டர். அண்ணி நனைந்த துணியோடு வராந்தாவில் நின்றுகொண்டு பேருந்து மேற்பார்வையாளருக்குத் தானே போன் செய்தாள். "பஸ்ஸை எடுத்துட்டேன். தம்பிக்கு உடம்பு சரியில்ல. விளக்கு உடைஞ்சிருக்கு, ஆஸ்பத்திரிக் கூரையும் போச்சு. நான்தான் ஓட்டினேன்." பிறகு எனக்குப் போன் செய்தாள்.

ஊரே அவளைப் பாராட்டியது. பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரிக் கூரைக்கு நஷ்டஈடு கேட்டு மனு போனதும் பள்ளி நிர்வாகத்தின் காப்பீட்டுக் கம்பெனி கேள்வி கேட்க ஆரம்பித்தது. பெற்றோர்கள் பலர் விசாரணைக்கு வந்து அவளுக்காகப் பேசினார்கள். கர்லியால் வர முடியவில்லை. நான் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நிர்வாகத் தலைவி திருமதி லெஜ்யூன் கெட்டவள் அல்ல. அவளுடைய இரண்டு பையன்களும் அண்ணியின் பேருந்தில் போனவர்கள்.

"ஓடெலியா, என் தம்பியா இருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்," என்றாள். "ஆனா அனுமதி இல்லாம எடுத்த வண்டி. வழியில பெரிசா ஏதாவது ஆகியிருந்தா காப்பீட்டுக் கம்பெனிக்காரங்க ஒரு காசு குடுத்திருக்க மாட்டாங்க. இப்ப, உங்க பேர் ஓட்டுநர் பட்டியல்ல இருந்தா எல்லா பஸ்ஸுக்கும் தொகையை ஏத்துவோம்கிறாங்க. எங்களால தாங்க முடியாது."

"சரிதான்," என்றாள் அண்ணி. "இந்தத் தடவை நான் நெசமாவே ஒண்ண இடிச்சேன். இது எனக்குப் புரியுது."

பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். அண்ணி ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை ஒரு புதிய ஆள் வந்து பேருந்தை ஓட்டிக்கொண்டு போனான். அது நின்ற இடத்தில் புல் வெளுத்து நீளமாகக் கிடந்தது. அண்ணி அதற்குப் பக்கத்தில் நின்று, ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம்பிடிக்கும் என்று அவனிடம் சொல்ல மறந்துவிட்டேனே என்றாள்.

கர்லியை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அண்ணி வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். இடது கால் இழுத்துக்கொண்டது. பேச்சு மெதுவாகத் திரும்பியது, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துவருகிறவன்போல் பேசினான். கோடையின் பாதியில் ஒருநாள் சமையலறையில் அண்ணி அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன்.

"கார்," என்றான் கர்லி.

"எந்தக் கார்?"

"உன் கார். அது இருந்தா… பஸ்ஸ எடுத்திருக்க மாட்ட."

"அந்தத் தண்ணில அந்தக் கார் போயிருக்காது."

"சுத்திப் போயிருக்கலாம். அதுக்கு முன்னாடியே… எனக்கு ரெண்டு நாளா தலைவலி. உங்கிட்டக் கார் இருந்தா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போன்னு கேட்டிருப்பேன்." மூச்சு வாங்கினான். "காருக்கு என் பேரக் குடுத்திருக்கணும் நான்."

"நீ குடுத்தியே. நான்தான் வேணாம்னேன்."

"சிரிச்சுக்கிட்டுக் குடுத்தேன் அக்கா."

அண்ணி கடைசிப் பொத்தானைப் போட்டாள். "நானும் வாங்கியிருக்கலாம். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்னு வாங்கியிருக்கலாம். ஹோலிஸ் சொன்ன கடிதத்தையும் எழுதியிருக்கலாம். அவர் இருந்திருந்தா, எழுதித் தொலையேன்டின்னுதான் சொல்லியிருப்பார். யாருக்கு வீம்பு காட்டினேன்னு தெரியல. அந்தக் கம்பெனியில என் பேரே ஒருத்தனுக்கும் தெரியாது."

கர்லி அழுதான். வாதம் வந்ததிலிருந்து அவனுக்கு அழுகை எளிதாக வந்துவிடும். அண்ணி அவன் வாயைத் துடைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

இலையுதிர் காலத்தில் கர்லியின் பிக்கப்புக்குப் புதுப்பிக்கும் காகிதம் வந்தது. சம்பளம் நின்று, வங்கித் தவணைகள் தவறி, ஆஸ்பத்திரிப் பில்கள் குவிந்திருந்தன. தொகை பெரிதாக ஏறியிருந்தது. மாதக்கணக்கில் வெளியே எடுக்காத வண்டி அது. ஹோலிஸ் இந்த முறை தானே வீட்டுக்கு வந்து கடிதத்தை எழுதி, கர்லியைக் கையெழுத்துப் போடச் சொன்னான். கர்லி வலது கையால் போட்டான். பதில் வருவதற்கு முன்பே பிக்கப்பை விற்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் புதுப்பிக்கும் காகிதத்தில் இருந்த தொகையைக் கர்லி படிக்கச் சொல்லிக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் இருவரையும் தேவாலயத்துக்கும் கடைக்கும் கூட்டிப்போகிறேன். கர்லி பின்னால், அண்ணி என் பக்கத்தில். டவுனுக்குப் போகும் வழியில் சாலைக்குக் குறுக்கே சரக்கு ரயில் பாதை ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு ரயில் வந்தால் பெரிது. எல்லோரும் அதை அப்படியே தாண்டிப் போவார்கள்.

"நிறுத்து," என்றாள் அண்ணி முதல் தடவை.

நிறுத்தினேன். அவள் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு ரயில் பாதையிலும் நிறுத்தி, கதவைத் திறந்து அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது விதி. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அண்ணி அவசரப்படவில்லை.

"போகலாம்," என்றாள்.

அதிலிருந்து நான் அவள் சொல்லாமலே நிறுத்துகிறேன்.